பின்பனியில் ஒரு பாத்தி



நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரை பிறந்தால் இளவேனில். இலக்கியத்தில் இளவேனிலுக்கு உள்ள செல்வாக்கை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மாந்தளிர், குயிலின் குரல், தென்றல் என்று அதன் சீர்வரிசை நீளும். பின்பனியோ அந்த விருந்தாளியை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருக்கும் பொழுதாகவே நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமான ஆலங்குடாவில் வீட்டுத் தோட்டம் செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். அவருடைய கணக்கில் இளவேனில் என்பது விருந்தாளியாக வருவதில்லை. கடன்காரனாகவே வருகிறது. மாரி தந்துவிட்டுப் போன தண்ணீரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாளியாகத் திருப்பிக் கேட்கும் கடன்காரன் அது. ஆகவே பின்பனிக் காலத்தில் அவர் வளவில் செய்யும் வேலை எல்லாம், வரப்போகும் வெயிலுக்கு முன் தண்ணீரை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதையே மையமாகக் கொண்டிருக்கும். இன்றைய உரையில் அந்த வேலையின் காரண காரியங்களைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் வேறு நாட்டுத் தோட்டக்காரரின் பின்பனியைப் பார்ப்போம். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1929இல் தோட்டக்காரரின் ஓர் ஆண்டைப் பற்றி மாதத்துக்கோர் அத்தியாயமாக ஒரு நகைச்சுவை நூல் எழுதினார். அவருடைய நாட்டில் பெப்ரவரி மாதத்து மண் உறைந்து கிடக்கும். தோட்டக்காரர் ஜன்னலோரத்தில் சட்டிகளை வைத்து விதை முளைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டியதுதான். இன்று ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களின் நிலையும் இதுவே. கத்தரி, மிளகாய் நாற்றுகளை வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்த்து, மே மாதத்தில் கடைசி உறைபனி நீங்கிய பிறகே வெளியில் நடுகிறார்கள். அங்கே மண்ணைப் பூட்டி வைத்திருப்பது குளிர். அந்தப் பூட்டைத் திறப்பது இளவேனில்.

நம் கரையில் குளிர் எதையும் பூட்டுவதில்லை. தை, மாசி இரவுகளில் கூட வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. பூசணி இலையில் பனி முத்துக் கட்டும். காலையில் வாடைக் காற்று சில்லென்று வீசும். அவ்வளவுதான். செடி வளர்வதற்கு ஆண்டிலேயே மிக இதமான காலம் இதுதான். வெயில் தாங்கக்கூடியது, கிணறு நிறைந்திருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது. சித்திரைக்குப் பிறகு இவை ஒவ்வொன்றாக விடைபெறும். அங்கே பூட்டித் திறப்பது குளிர் என்றால் இங்கே பூட்டித் திறப்பது தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆலங்குடா என்ற பெயரைப் பிரித்தால் ஆலமரமும் கடற்குடாவும் கிடைக்கின்றன. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில் நுரைச்சோலைக்கு அருகே உள்ள ஊர் இது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். இதுதான் கற்பிட்டிக் குடாநாடு. இங்கே ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழை பெய்யும். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை விழுந்து முடிந்துவிடும். சித்திரையை ஒட்டிச் சில நல்ல மழைகள் உண்டு. மற்ற மாதங்களுக்கு மணலுக்குள் இறங்கிய நீரே கதி.

மணலுக்குள் இறங்கிய நீர் எங்கும் ஓடிவிடாமல் அடியில் தங்குவது இயற்கையின் ஓர் அற்புதம். நிலத்தின் அடியில் இரு பக்கத்திலிருந்தும் உவர்நீர் ஊறி நிற்கிறது. மழைநீர் அதைவிடச் சற்று இலேசானது. ஆகவே அது உவர்நீரின் மேல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கிறது. இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் நாட்டிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபன் என்பவரும், 1901இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ட்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அந்தக் கணக்கு.

கேட்க இனிமையான கணக்குத்தான். அதைத் தலைகீழாகப் படித்தால் அச்சம் தரும். மேலே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறத் தயாராகிறது என்று அதற்குப் பொருள். நிலத்தின் அமைப்புக்கேற்ப உண்மை அளவு கூடலாம், குறையலாம். ஆனால் போக்கு இதுதான். கரையோரக் கிணறு வற்றுவதற்கு முன்பே உவர்த்துப் போவது இதனால்தான். வற்றிய கிணறு அடுத்த மாரியில் நிறைந்துவிடும். உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் தேவைப்படலாம்.

இப்போது பின்பனியின் முக்கியத்துவம் விளங்கும். மார்கழி முடிவில் வில்லை ஆண்டிலேயே மிகத் தடித்து நிற்கிறது. அடுத்த ஒக்டோபர் வரை அதைக் கொண்டே குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் பாத்திக்கு ஊற்றவும் வேண்டும். ஆகவே தை, மாசியில் கிணறு நிறைந்து தெரிகிறதே என்று அள்ளி இறைப்பது, சம்பள நாளன்று கைநிறையச் செலவழிப்பது போன்றதாகும்.

அப்படியானால் வீட்டுத் தோட்டமே கூடாதா? அதையும் கணக்குப் பார்ப்போம். இந்தக் காலநிலையில் கீரை, காய்கறிப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லீற்றர் நீரைக் கேட்கும். 10 சதுர மீற்றர் தோட்டத்துக்கு 50 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் ஐந்து வாளி. 90 நாட்களுக்கு 4,500 லீற்றர். மறுபுறம், 50 சதுர மீற்றர் பரப்புள்ள ஓட்டுக் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 50,000 லீற்றர். ஐந்திலொரு பங்கு வீணானாலும் 40,000 லீற்றர் மிஞ்சும். அதைத் தொட்டியில் சேமித்தாலும் சரி, வளவிலேயே ஒரு குழிக்குள் இறக்கி மணலுக்குக் கொடுத்தாலும் சரி, அந்த வீடு தண்ணீரைப் பொறுத்தவரை கடன்படவில்லை. வீட்டளவுத் தோட்டம் வில்லையை வாட்டுவதில்லை. நாள் முழுவதும் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள்தாம் வாட்டுகின்றன.

எனினும் எதை எப்போது நடுவது என்பதில் கவனம் வேண்டும். எல்லாப் பயிரும் உப்பை ஒரே மாதிரிப் பொறுப்பதில்லை. போஞ்சி, வெங்காயம், கரட் ஆகியவை உப்பின் வாடை பட்டாலே முகம் வாடும். தக்காளி, மிளகாய் ஓரளவு பொறுக்கும். பீற்றூட் நன்றாகவே பொறுக்கும். தென்னையின் பொறுமையைச் சொல்லத் தேவையில்லை. ஆகையால் கிணற்று நீர் மிக இனிப்பாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் உப்பைப் பொறுக்காதவற்றை முன்னே நட்டு முடித்துவிட வேண்டும். மாசி, பங்குனிக்குப் பொறுமையுள்ளவற்றை விட்டுவைக்க வேண்டும். நாட்கணக்கும் இதற்கு உதவும். முளைக்கீரை 25 முதல் 30 நாளில் சட்டிக்கு வந்துவிடும். வெண்டி 45 நாளளவில் முதற்காய் தரும். பயிற்றைக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கூடுதல். மாசி முதலில் விதைத்தால் பங்குனி முடிவில் பறித்து, சித்திரை வெயில் உறைப்பதற்குள் பாத்தியைக் காலி செய்துவிடலாம்.

இனி மண்ணுக்கு வருவோம். மணல் தண்ணீரையும் உரத்தையும் அதிகம் பிடித்து வைப்பதில்லை. காலையில் ஊற்றியது மாலையில் வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். அதற்குப் பிடிமானம் கொடுப்பவை இலையும் தழையும் சாணமும்தான். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் குழை தாழ்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தனர். பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணுக்குள் புதைத்து உக்க விடுவார்கள். அந்த முறை மணலுக்கும் நன்கு பொருந்தும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை வெட்டிப் பாத்திக்குள் புதைத்தால் சில வாரங்களில் உக்கிவிடும்.

தென்னை முக்கோணம் எனப்படும் பகுதியில் புத்தளமும் சேர்ந்தது. இம்மாவட்டத்தின் லுணுவிலவிலேதான் தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1929இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் அது. தேங்காயின் பொச்சு மட்டையைத் தென்னையைச் சுற்றிப் புதைத்தால் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறட்சியில் மெதுவாக வேருக்குக் கொடுக்கும் என்பது அங்கிருந்து பரவிய அறிவுரை. மட்டையில் பொட்டாசியமும் உண்டு. காய்கறிப் பாத்திக்கும் இதே உபாயத்தைக் கையாளலாம். ஓரடி ஆழத்தில் மட்டைகளை அடுக்கி மேலே மண்ணும் எருவும் போட்டால் மணலுக்கு ஓர் அடித்தட்டு கிடைத்துவிடும். தும்புத்தூளும் நல்லதுதான். ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளாக இருந்தால் இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிய பிறகே பாத்தியில் இட வேண்டும்.

பாத்தியின் உருவத்தையும் காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும். மாரியில் நீர் வடிந்தோட மேட்டுப் பாத்தி தேவை. பின்பனியில் அதைத் தாழ்த்தி, நடைபாதையை விடக் கைப்பிடி உயரம் குறைவாக அமைத்தால் ஊற்றும் நீர் அங்கேயே நிற்கும், காற்றும் குறைவாகத் தாக்கும். மேலே பழைய கிடுகு, உலர்ந்த புல் என்று எதையாவது பரப்பி வெயில் நேரே மணலில் படாமல் மறைக்க வேண்டும். கறையான் வரக்கூடுமாதலால் மூடாக்கைத் தண்டில் முட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுவது நலம். வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு காற்று அடிக்கும். கச்சான் என்பார் சிலர், சோளகம் என்பார் சிலர். அது வருவதற்கு முன்பே கடற்பக்கத்து வேலியை அடைத்துவிட வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு பழைய உபாயம் உண்டு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண்மை நூலில், மண்பானையைக் கழுத்து வரை நிலத்தில் புதைத்து நீர் நிரப்பி, அதைச் சுற்றிப் பூசணி இனக் கொடிகளை நடும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் காய்ந்தால் அதிகமாகவும் ஈரமாக இருந்தால் குறைவாகவும் கசிவதால், செடி கேட்ட அளவுக்கே பானை கொடுக்கிறது. நமது வீட்டிலே வாய் உடைந்த பானை ஒன்று இல்லாமலா போகும்? அதன் வாயை ஒரு சிரட்டையாலோ ஓட்டுத் துண்டாலோ மூடிவிட்டால் நுளம்பும் பெருகாது. அரிசி கழுவிய நீர், வுழூச் செய்த நீர் ஆகியவற்றையும் ஒரு வாய்க்கால் வெட்டிப் பப்பாசிக்கும் வாழைக்கும் விடலாம். சவர்க்கார நீரை மட்டும் கீரைக்கு விடக்கூடாது.

நேயர்களே, இவற்றைவிட முக்கியமான ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். அது உரத்தைப் பற்றியது. மணலில் யூரியாவைத் தூவித் தண்ணீர் ஊற்றினால் பயிர் எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான். மிச்சம் நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழே இறங்குகிறது. கீழே இருப்பது எது? நாம் குடிக்கும் அதே நன்னீர் வில்லைதான். கற்பிட்டிக் குடாநாட்டில் செறிவாகப் பயிர் செய்யப்படும் நிலங்களை ஒட்டிய கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அந்த அளவு மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து குழந்தையின் உதடும் தோலும் நீலம் பாரிக்கக்கூடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. கொதித்து வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து அறிவது கடமை. கிணற்றடியைச் சுற்றி உரமும் சாணக் குவியலும் வைக்காதிருப்பதும் கடமை. இயற்கை எரு என்றாலும் அளவுக்கு மிஞ்சினால் அதிலிருந்தும் நைத்திரேற்று இறங்கும் என்பதை மறந்துவிடலாகாது. சிறுகச் சிறுக, வேருக்கு அருகே, பல தடவையாகக் கொடுப்பதே மணலுக்கு ஏற்ற முறை. பெருமழை பெய்யும் நாட்களில் எந்த உரமும் வேண்டாம். நம் பாத்தியில் இட்டதை அயல்வீட்டுப் பிள்ளை குடிக்கும்படி ஆகிவிடக் கூடாது. ஓர் ஊர்க் கிணறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நீர்தான். அந்த நீருக்கு வேலி போட முடியாது.

பூச்சி புழுக்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பகலில் உலர்வும் இரவில் பனியுமாக இருக்கும் இந்நாட்களில் பூசணி, பாகல், புடோல் இலைகளில் சாம்பல் தூவியது போன்ற நோய் தோன்றும். கொடிகளை நெருக்காமல் காற்றோட விட்டு, நோய் கண்ட இலையை உடனே கிள்ளி எறிய வேண்டும். மிளகாய் இலை சுருண்டால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளோ பனிப்பூச்சிகளோ காரணமாக இருக்கலாம். ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊற வைத்து, வடித்து, மாலையில் தெளிப்பது பலருக்கும் கைகொடுத்த மருந்து.

விதை எடுப்பதற்கும் இதுவே தகுந்த காலம். மழையில்லாத மாசி வெயிலில் நெற்று நன்றாக முற்றும். நோயற்ற செடி ஒன்றைத் தெரிந்தெடுத்து, பயிற்றையிலும் வெண்டியிலும் நல்ல காய்களைப் பறிக்காமல் விட்டுவிட வேண்டும். கத்தரியைப் பழுத்து மஞ்சளாகும் வரை விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு சாம்பல் கலந்து, மூடி இறுகிய போத்தலில் இட்டு, போத்தலின் மேல் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கலாம். கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. வழிவழியாக வந்த ஊர் விதைக்குத்தான் அந்தக் குணம் உண்டு.

மண்ணைத் திருத்துவதும், விதையைப் பாதுகாப்பதும், கிணற்றைப் பேணுவதும் ஓரிடத்தில் நிலைத்திருப்போர் செய்யும் வேலைகள். நிலைத்திருப்போமா என்றே தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆலங்குடாவின் அண்மை வரலாறு இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்களாலான முகாம்கள் எழுந்தன. ஊரார் தங்கள் நிலத்திலும் கிணற்றிலும் அவர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். அதே மணலும் அதே நன்னீர் வில்லையும் ஒரே மாரிக்குள் எத்தனையோ மடங்கு மக்களைத் தாங்க வேண்டியதாயிற்று.

இன்னும் சில மாதத்தில் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்புகிறவர் எதை நடுவார்? முளைக்கீரையை நடலாம். ஒரு மாதத்தில் பலன். கத்தரி நடுவதற்கு மூன்று மாத நம்பிக்கை வேண்டும். முருங்கைத் தடி காய்க்க ஏறக்குறைய ஒரு வருடம். தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருடங்களாவது ஆகும். தென்னை நடுவது இங்கேயே இருந்துவிடுவோம் என்று ஒப்புக்கொள்வதாகுமோ என்று தயங்கிய நெஞ்சங்கள் எத்தனையோ இருந்திருக்கும். ஊரில் விட்டு வந்த தென்னையையும் தேசியையும் மாதுளையையும் நினைத்துக்கொண்டு இங்கே ஒரு குழி தோண்டுவது எளிய காரியமா? யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். இங்கேயே வேரூன்றிவிட்டவர்களும் ஏராளம். இரண்டு ஊர்களுக்கும் இடையே வாழ்பவர்களும் உண்டு.

தொல்காப்பியத்தில் திணைகளுக்குப் பொழுது வகுக்கும் இடத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பாலைக்கு உரிய பொழுதுகளாக நண்பகலும் வேனிலும் சொல்லப்படுகின்றன. அத்துடன் பின்பனியும் அதற்கு உரியதாகச் சேர்க்கப்படுகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதை நீங்கள் அறிவீர்கள். கடலும் கடல் சார்ந்த இடமுமான ஆலங்குடா நிலத்தால் நெய்தல். 1990க்குப் பின் அங்கே குடியேறியவர்களின் நெஞ்சிலோ நெடுங்காலம் பாலையே இருந்தது. இலக்கணம் சொல்லும் பின்பனியின் பொருத்தம், இந்த மணலில் நின்று பார்க்கும்போது இன்னும் நன்றாகப் புலப்படுகிறது.

வீட்டுத் தோட்டம் நம் நாட்டில் அநேகமாக நெருக்கடி வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது. 1970களில் உணவு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மரவள்ளியும் மிளகாயும் வளவுகளை நிறைத்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, வீட்டில் பயிரிடுவதற்கென்றே அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கவும் அரசு முடிவு செய்தது. நெருக்கடி தளர்ந்ததும் பல பாத்திகளில் புல் முளைத்துவிட்டது. ஒரு தடவை உக்கிய இலை மணலை என்றென்றைக்கும் மண்ணாக்கிவிடாது. ஒவ்வோராண்டும் குழை தாழ்க்க வேண்டும். ஓராண்டு விட்டுவிட்டால் மணல் மீண்டும் மணலாகிவிடும். நெருக்கடிக்காக மட்டும் தோட்டம் செய்வோர்க்கு மணல் கற்பிக்கும் பாடம் இது.

ஆகவே இந்தப் பின்பனியில் வளவுள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கீரைக்கும் பயிற்றைக்கும் பாத்தி போடுங்கள். அத்துடன் கிணற்றடியிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி ஓரிடத்தில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். அடியில் பொச்சு மட்டையை இரண்டு வரிசை அடுக்குங்கள். வீட்டில் சேரும் சருகையும் குப்பையையும் அதில் போட்டு வாருங்கள். சித்திரை மழை அதை நனைக்கும். வைகாசிக் காற்றும் ஆடி வெயிலும் அதன் மேலால் போகும். உள்ளே இலை உக்கிக்கொண்டிருக்கும். ஒக்டோபரில் முதல் மழை இறங்கியதும் அந்தக் குழியில் ஒரு தென்னம்பிள்ளையை நட்டுவிடலாம்.